தகாவோ மலை: கேபிள் காரை விட்டுட்டு காட்டு வழியா ஏறி இறங்க ஒரு முழு கைடு

டோக்கியோவுல இருக்கிற நம்ம ஆளுங்க கிட்ட தகாவோ மலைனு சொன்னா பாதி பேர் "அதான் போயிட்டு வந்தாச்சே, கேபிள் கார்ல ஏறுனோம், மேல ஒரு போட்டோ எடுத்தோம், ஒரே கூட்டம், இறங்கி வந்துட்டோம்"னுதான் சொல்லுவாங்க. அவங்க போனது மலைக்கு இல்ல, மலை மேல போடப்பட்ட ஒரு சிமெண்ட் ரோட்டுக்கு. அந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு பெரிய காடு இருக்கு, அதுக்குள்ள நல்ல நல்ல நடைபாதைங்க இருக்கு, அதைப் பத்திதான் இந்த கைடு. புதுசா ஜப்பான் வந்தவங்க, இதுவரைக்கும் மலையே ஏறாதவங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க எங்க கூட்டிட்டுப் போறதுனு யோசிக்கிறவங்க, எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

முதல்ல மலையைப் பத்தி கொஞ்சம். தகாவோ டோக்கியோவுக்கு மேற்கே ஹாச்சியோஜி சிட்டிக்குள்ள இருக்கு, உயரம் வெறும் 599 மீட்டர். நம்ம ஊர் ஏற்காடு கொடைக்கானல் உயரத்தை நினைச்சுட்டு இதைப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா இந்தச் சின்ன மலையில சுமார் 1600 வகை செடி கொடி மரம் இருக்கு. காரணம் என்னன்னா வெப்பமான பகுதிக் காடும் குளிரான பகுதிக் காடும் சந்திக்கிற எல்லையில இந்த மலை உக்காந்திருக்கு. தெற்குச் சரிவுல வருஷம் முழுக்க பச்சையா இருக்கிற ஓக் வகை மரங்க, வடக்குச் சரிவுல குளிர்காலத்துல இலை கொட்டுற பீச் வகை மரங்க, நடுவுல இருக்கிற முகட்டுல நின்னா ரெண்டு பக்கமும் ரெண்டு விதமான காடு, கொஞ்சம் கவனிச்சாலே வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு பெரிய சிட்டிக்குப் பக்கத்துல இந்தக் காடு எப்படி தப்பிச்சதுன்னா கோயில்தான் முக்கிய காரணம். மலை மேல யாகுவோ-இன்னு ஒரு புத்த கோயில், 744-ல ஆரம்பிச்சதா சொல்றாங்க. கோயில் மலைங்கிறதால மரம் வெட்டக் கூடாதுன்னு ஹோஜோ வம்சத்து ஆட்சிக் காலத்துலயே கட்டுப்பாடு இருந்துச்சு, அப்புறம் வந்த எடோ காலத்து (1603-1868) ஷோகன்ங்கிற ராணுவத் தலைவர்கள் ஆட்சியும் அதைக் காப்பாத்துச்சு, பின்னாடி அரசாங்கக் காடா மாறி 1967-ல பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவா அறிவிச்சாங்க. நம்ம ஊர்ல கோயில் காடுன்னு ஒரு விஷயம் இருக்கில்ல, அய்யனார் காட்டுல சுள்ளி கூட ஒடிக்க மாட்டாங்க, அந்த பயமும் மரியாதையும் இங்கயும் வேலை செஞ்சிருக்கு.

சரி, இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

ஸ்டெப் 1: எந்த நாள், எத்தனை மணிக்கு

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், தப்பான நாள்ல போனீங்கன்னா எந்த ரூட்ல ஏறினாலும் முன்னாடி போறவங்க முதுகைத்தான் பாத்துட்டுப் போகணும். வருஷத்துக்கு 25 லட்சத்துக்கும் மேல ஆளுங்க வர்ற மலை இது, மிஷலின் பயண கைடுல 3 ஸ்டார் கொடுத்ததுக்கு அப்புறம் வெளிநாட்டுக் கூட்டமும் சேர்ந்துக்கிச்சு. நவம்பர் நடுவுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் மேப்பிள் இலை சிவக்கிற சீசன், அந்த சனி ஞாயிறுல கேபிள் காருக்கு (கயிறு கட்டி இழுக்க தண்டவாளத்துல ஏறுற மலை ரயில்) நிக்கிற க்யூவைப் பாத்தாலே திரும்பிடலாம்னு தோணும். சிவப்பு இலை பாத்தே ஆகணும்னா வார நாள்ல ஒரு லீவு போட்டுட்டுப் போங்க, இல்லன்னா காலைல 7 மணிக்கெல்லாம் மலை அடிவாரத்துல இருங்க, கேபிள் கார் 8 மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி காடு நம்மளோடது.

என்னைக் கேட்டா டிசம்பர் பாதியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் பெஸ்ட். குளிரும், ஆனா வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், உச்சியில இருந்து ஃபுஜி மலை முழுசா தெரிய அதிக சான்ஸ் அப்பத்தான். டிசம்பர் 22 ஒட்டி சில நாள் சூரியன் சரியா ஃபுஜி உச்சியில போய் மறையும், அதை டைமண்ட் ஃபுஜினு சொல்லுவாங்க, அதைப் பாக்க உச்சியில கேமரா ஸ்டாண்டோட கூட்டமே நிக்கும். அப்படி சாயங்காலம் வரைக்கும் நிக்கிறதா இருந்தா ஹெட்லைட் கட்டாயம், டிசம்பர்ல நாலரை மணிக்கே சூரியன் போயிடும், காட்டுக்குள்ள அதுக்கு முன்னாடியே இருட்டிடும்.

ஏப்ரல்ல சின்னச் சின்ன வயலட் பூ பூக்கும், இந்த மலையில முதல்ல கண்டுபிடிச்சதால இதோட பேரையே வெச்ச ஒரு வகை கூட இருக்கு. ஆனா பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் சுகிங்கிற ஜப்பான் தேவதாரு மரத்தோட மகரந்தம் பறக்கும், ஜப்பான் வந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்களுக்கு அந்த அலர்ஜி ஆரம்பிச்சிருக்கும், மூக்கு ஒழுகுதுன்னா அந்த மாசங்கள்ல மாஸ்க், மாத்திரையோட போங்க. ஜூன் மழை சீசன், ஆகஸ்ட் வெயில் ரெண்டையும் முதல் தடவைக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஸ்டெப் 2: போய்ச் சேர்றது

சின்ஜுக்குல இருந்து கேயோ லைன்ல ஏறி கடைசி ஸ்டேஷன் தகாவோசான்குச்சி. ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ரிசர்வேஷன் எதுவும் வேணாம், சூய்கா கார்டு தட்டினா போதும். ஒரே கவனம், சில ட்ரெயின் கேயோ-ஹாச்சியோஜி பக்கம் பிரிஞ்சு போயிடும், அதுல ஏறிட்டா கிதானோ ஸ்டேஷன்ல இறங்கி மாறிக்கோங்க. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வெச்சிருக்கவங்க சூவோ லைன்ல தகாவோ ஸ்டேஷன் வரைக்கும் வந்து அங்க கேயோவுக்கு மாறி ஒரே ஒரு ஸ்டாப்.

நிஷிகசாய், ஃபுனபோரி, ஓஜிமா பக்கம்தான் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க. ஃபுனபோரி, ஓஜிமாவுல இருக்கவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, உங்க தோஎய் சின்ஜுக்கு லைன் சின்ஜுக்கு தாண்டி கேயோ லைனுக்குள்ளயே ஓடும். அதனால சின்ஜுக்குல அந்த மேல கீழ ஓட்டம் இல்லாம உக்காந்தபடியே போயி, வழியில தகாவோசான்குச்சி போற ட்ரெயினுக்கு மாறினா போதும். நிஷிகசாய்க்காரங்க தோசாய் லைன்ல குதான்ஷிதா வந்து அங்க இந்த லைனைப் பிடிச்சுக்கலாம்.

ஸ்டெப் 3: என்ன எடுத்துட்டுப் போகணும்

பெரிய ட்ரெக்கிங் பூட்ஸ் எல்லாம் தேவையில்ல. ஆனா அடியில நல்ல க்ரிப் இருக்கிற ஷூ வேணும், வழுவழு சோல் உள்ள ஆபீஸ் ஸ்னீக்கர்ஸ் வேர்லயும் ஈரக் கல்லுலயும் வழுக்கும். தண்ணி ஆளுக்கு ஒரு லிட்டர், குளிர்காலத்துலயும் கூட. ட்ரெஸ் ஒரே தடிமனான ஸ்வெட்டரா போடாம ரெண்டு மூணு லேசான லேயரா போடுங்க, ஏறும்போது வேர்க்கும், உச்சியில காத்து அடிச்சா அதே வேர்வை நடுங்க வெக்கும். மழைக் கோட் ஒண்ணு பையில கிடக்கட்டும். குப்பை போடுறதுக்குன்னு ஒரு கவர், மலையில குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டு போனது எல்லாம் கூடவே திரும்பி வரணும். ஸ்டிக் வெச்சு நடக்கிறவங்க முனைக்கு ரப்பர் மூடி போட்டுக்கோங்க, இல்லன்னா மண்ணும் வேரும் கிழிஞ்சு போகும்.

சாப்பாடு விஷயத்துல சைவக்காரங்க கவனமா இருங்க. இந்த மலைக்கு பேர் போன சாப்பாடு சோபா நூடுல்ஸ், மேல துருவின வள்ளிக் கிழங்கு வகைக் கூழ் ஊத்தித் தருவாங்க. பாக்க முழு சைவம், ஆனா அந்த ரசம் பெரும்பாலும் மீன்ல இருந்து எடுக்கிற தாஷிதான். அதனால வீட்டுல இருந்து புளியோதரை, தயிர் சாதம், சப்பாத்தி ரோல் எது வேணா கட்டிட்டுப் போங்க. உச்சியில பாய் விரிச்சு குடும்பம் குடும்பமா உக்காந்து சாப்பிடுற பழக்கம் ஜப்பான்காரங்களுக்கும் உண்டு, யாரும் வித்தியாசமா பாக்க மாட்டாங்க.

ஸ்டெப் 4: ரூட் முடிவு பண்றது

ஸ்டேஷன்ல இருந்து ஒரு அஞ்சு நிமிஷம் நடந்தா கியோதகி, கேபிள் கார் கிளம்புற இடம். இங்கதான் எல்லாரும் க்யூவுல நிப்பாங்க, இங்கதான் நீங்க முடிவெடுக்கணும். கேபிள் காருக்கு வலது பக்கம் போறது 1-ம் நம்பர் ரூட், இடது பக்கம் போனா இனாரியாமா ரூட்டும் 6-ம் நம்பர் ரூட்டும். அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் முழுசா போறது இந்த மூணுதான். மத்த நம்பர் எல்லாம் மலை மேல நடுவுல ஆரம்பிக்கிற சின்ன ரூட்.

முதல் தடவை போறவங்களுக்கு என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: 6-ல ஏறுங்க, 1-ல கோயில் வழியா இறங்குங்க. ஏன்னா காடும் ஓடையும் ஏறும்போது நிதானமா பாக்க வேண்டிய விஷயம், கோயிலும் கடையும் இறங்கும்போது ரிலாக்ஸா பாக்க வேண்டிய விஷயம். அதுவும் போக 6-ல கல்லு மேலயும் ஈரத்துலயும் ஏறுறது ஈஸி, இறங்குறது கஷ்டம், கூட்ட சீசன்ல அதை ஏறுறதுக்கு மட்டும்னு ஒன்-வே ஆக்கிடுவாங்க. முந்தின நாள் நல்ல மழை பெஞ்சிருந்தா மட்டும் 6-ஐ விட்டுட்டு இனாரியாமாவுல ஏறுங்க.

6-ம் நம்பர் ரூட்: ஓடை வழி

3.3 கிலோமீட்டர், போர்டுல 90 நிமிஷம்னு போட்டிருக்கும், குழந்தைங்களோட போனா ரெண்டு மணி நேரம் வெச்சுக்கோங்க. ஆரம்பத்துல கொஞ்ச தூரம் ரோடு, அப்புறம் மண் பாதை, பக்கத்துலயே ஓடை சலசலன்னு கூடவே வரும். கொஞ்ச தூரத்துல பிவா-தகின்னு ஒரு அருவி. குற்றாலம் மாதிரி நினைச்சுட்டுப் போகாதீங்க, இது சின்ன அருவி, குளிக்கவும் முடியாது. யாகுவோ-இன் கோயிலைச் சேர்ந்த துறவிகளும் பக்தர்களும் வெள்ளைத் துணி கட்டிட்டு இந்தத் தண்ணிக்கு அடியில நின்னு மந்திரம் சொல்ற தவம் செய்யிற இடம். அந்த நேரத்துல போனீங்கன்னா போட்டோ எடுக்காம அமைதியா தாண்டிப் போயிடுங்க.

அருவிக்கு அப்புறம்தான் இந்த ரூட்டோட அழகே. பெரிய பெரிய சுகி மரங்க, வேரெல்லாம் பாதைக்குக் குறுக்க படிக்கட்டு மாதிரி, ஓரத்துப் பாறையில பாசியும் பெரணியும், வெயில் கால மத்தியானத்துல கூட குளுகுளுன்னு இருக்கும். மேல போகப் போக ஓடை சின்னதாகிட்டே வரும், ஒரு கட்டத்துல பாதையும் ஓடையும் ஒண்ணாயிடும், அதாவது தண்ணிக்குள்ள போட்டிருக்கிற கல்லு மேல கால் வெச்சுத்தான் போகணும். ஆழம் ஒண்ணும் இல்ல, கணுக்கால் அளவுதான், குழந்தைங்களுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அவசரப்படாம ஒவ்வொரு கல்லா பாத்து வெச்சாப் போதும்.

அது முடிஞ்சதும் மரப்படிக்கட்டு வரும். இதை முன்னாடியே சொல்லிடுறேன், படி நீளமா போயிட்டே இருக்கும், இதோ முடிஞ்சிடும்னு நினைக்கும்போது இன்னொரு திருப்பம். நடுவுல நிக்கிறதுக்கு இடம் இருக்கு, ஓரமா ஒதுங்கி நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறுங்க. இந்த ரூட்ல டாய்லெட் கிடையாது, அதனால அடிவாரத்துலயே போயிட்டு வந்துடுங்க, அடுத்தது உச்சியிலதான்.

இனாரியாமா ரூட்: முகடு வழி

3.1 கிலோமீட்டர், இதுவும் 90 நிமிஷம்தான். ஆரம்பமே செங்குத்தா படி, முதல் இருபது நிமிஷம் தாண்டிட்டா முகட்டுக்கு வந்துடுவோம், அப்புறம் மேடு பள்ளமா போகும். தெற்கு முகடுங்கிறதால குளிர்காலத்துல வெயில் நல்லா விழும், ஜனவரியில ஏறுறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். வழியில ஒரு சின்ன மண்டபம் இருக்கு, அங்க இருந்து டோக்கியோ பக்கம் கட்டடங்க வரைக்கும் தெரியும். கடைசியில உச்சிக்குக் கீழ ஒரு நீளப் படிக்கட்டு, அது தொடைக்கு வேலை வெக்கும். பேருக்கு ஏத்த மாதிரி வழியில இனாரி சாமிக்கு ஒரு சின்ன கோயிலும் உண்டு.

உச்சியில

உச்சி ஒரு பெரிய திறந்த மைதானம் மாதிரி, கடைங்க, டாய்லெட், இலவச விசிட்டர் சென்டர் எல்லாம் இருக்கு. விசிட்டர் சென்டர்ல அன்னைக்கு எந்த ரூட் மூடியிருக்கு, என்ன பூ பூத்திருக்குன்னு போர்டு வெச்சிருப்பாங்க, அதைப் பாத்துட்டு இறங்குற ரூட்டை முடிவு பண்ணுங்க. மேற்குப் பக்கம் வேலி ஓரம் நின்னா வானம் தெளிவா இருந்தா ஃபுஜி. காலைல தெரியலன்னா மத்தியானம் தெரியிறது கஷ்டம், நேரம் ஆக ஆக மேகம் கூடும். உச்சி ரொம்ப நெரிசலா இருந்தா பின்பக்கம் பத்து நிமிஷம் இறங்குங்க, மோமிஜிதாய்னு ஒரு இடம், பாதிக் கூட்டம்தான் இருக்கும், ஃபுஜியும் அங்க இருந்து தெரியும்.

இறங்குறது: 1-ம் நம்பர் ரூட், கோயில்

உச்சியில இருந்து கோயில் பக்கம் இருபது நிமிஷம். மேல இருந்து வர்றதால பின்பக்கமா நுழைவீங்க, முதல்ல ஓகுனோ-இன்ங்கிற உள் சன்னதி, அப்புறம் சிவப்பு பச்சை தங்கம்னு வண்ணம் பூசின, இந்தக் கோயிலோட முக்கிய சாமியான இஸூனா கோங்கென் சன்னதி, கடைசியில மெயின் கோயில். மூக்கு நீண்ட, றெக்கை வெச்ச சிலைங்க நிறைய நிக்கும், அது தென்கு, மலையில வாழுற தேவதை மாதிரி, இந்த மலைக்கே காவல். இங்க தினமும் கோமான்னு ஒரு அக்னி பூஜை நடக்கும், இந்தியாவுல இருந்து புத்த மதத்தோட சேர்ந்து வந்த நம்ம ஹோமம்தான். மேளம் அடிச்சு நெருப்பு வளர்த்து மந்திரம் சொல்லும்போது கண்ணை மூடிட்டு நின்னா எங்க இருக்கோம்னே தெரியாது. இதை விட ஒண்ணு இருக்கு, மார்ச் மாசம் ரெண்டாவது ஞாயிறு அடிவாரத்துல தீமிதி நடக்கும். துறவிங்க முதல்ல நெருப்புல நடப்பாங்க, அப்புறம் வந்திருக்கிற பொதுமக்களும் க்யூவுல நின்னு நடக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பாத்து வளர்ந்தவங்க ஒரு தடவையாவது அந்த நாள்ல வந்து பாக்கணும்.

சைவக்காரங்களுக்கு நல்ல சேதி, இந்தக் கோயில்லயே துறவிங்க சாப்பிடுற சுத்த சைவச் சாப்பாடு முன்பதிவு பண்ணினா கிடைக்கும். மீன் தாஷி கூட இல்லாத சாப்பாடு ஜப்பான்ல சுலபத்துல கிடைக்காது, அப்பா அம்மாவோட வர்றவங்க முன்னாடியே புக் பண்ணிட்டு வாங்க.

கோயிலுக்குக் கீழ பாதை ரெண்டா பிரியும். ஒண்ணு 108 படி, ஆண் சரிவுன்னு பேரு, இன்னொண்ணு படியில்லாத பெண் சரிவு, முட்டி வலி உள்ளவங்க அதுல இறங்கிக்கோங்க. இந்தப் பகுதியில ஓரமா வரிசையா மரப்பலகை மாட்டியிருக்கும், எல்லாம் ஜப்பான் எழுத்து, நிறைய பேர் பாக்காம போயிடுவாங்க. அதெல்லாம் கோயிலுக்கு சுகி மரக்கன்னு காணிக்கையா கொடுத்தவங்க பேரு. எத்தனை கன்னுன்னும் எழுதியிருக்கும். கூடவே நிக்குது பாருங்க பிரம்மாண்டமான சுகி மரங்க, இதே மாதிரி எப்பவோ காணிக்கையா வந்தது பல. உண்டியல்ல போடுற காசு காடா மாறி நிக்கிறதை நான் வேற எங்கயும் இப்படிப் பாத்ததில்ல, நம்ம கோயில்கள்லயும் இதை ஆரம்பிக்கணும்னு ரொம்ப ஆசை.

இன்னும் கீழ வந்தா தகோ-சுகி, ஆக்டோபஸ் மாதிரி வேர் சுருண்டு கிடக்கிற மரம், சுமார் 450 வயசு. வழிப்பாதை போடும்போது வேர் இடைஞ்சலா இருக்கு வெட்டிடலாம்னு பேசிக்கிட்டாங்களாம், ராத்திரியோட ராத்திரியா மரமே வேரைச் சுருட்டிக்கிட்டு வழி விட்டுச்சாம், அப்படி ஒரு கதை. கேபிள் கார் மேல் ஸ்டேஷன் பக்கத்துல தங்கோ சுடுற கடை இருக்கும், அரிசி மாவுக் கொழுக்கட்டையை கம்பியில குத்தி நெருப்புல வாட்டின மாதிரி, சூடா ஒண்ணு சாப்பிடலாம். மேல தடவுற சாஸ் என்னன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

இங்க இருந்து கீழ முழுக்க சிமெண்ட் சரிவு, முட்டியைப் பதம் பாக்கும். கால் வலிச்சா வீம்பு பண்ணாம கேபிள் கார்லயோ சேர் லிஃப்ட்லயோ இறங்கிடுங்க. கேபிள் கார் 1927-ல இருந்து ஓடுது, ஒரு இடத்துல 31 டிகிரிக்கு மேல சரிவு, ஜப்பான்லயே இதுதான் அதிகம், முன்னாடி நின்னு கீழ பாத்தா வயித்தைக் கலக்கும். சேர் லிஃப்ட்ல 12 நிமிஷம் காத்து வாங்கிட்டே காட்டுக்கு மேல மிதந்து வரலாம்.

அப்பா அம்மா, கைக்குழந்தையோட வர்றவங்க

இவங்களுக்கு மட்டும் கேபிள் காரை நானே சொல்லுவேன். மேல ஏறி, தகோ-சுகி, பெண் சரிவு, கோயில் வரைக்கும் போயிட்டு அதே வழியில திரும்புங்க. கோயிலுக்குள்ளயும் அதுக்கு மேலயும் படி அதிகம், உச்சிக்குப் போயே ஆகணும்னு பெரியவங்களை இழுக்காதீங்க.

ரெண்டாவது தடவை வர்றவங்களுக்கு

4-ம் நம்பர் ரூட், 1.5 கிலோமீட்டர், கோயிலைத் தொடாம வடக்குச் சரிவு வழியா உச்சிக்குப் போகும், நடுவுல ஒரு தொங்கு பாலம். நான் முன்னாடி சொன்ன இலை கொட்டுற காடு இதுதான். அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் 3-ம் நம்பர் ரூட், பச்சைக் காடு, ஆள் நடமாட்டம் கம்மி. 4-ல ஏறி 3-ல இறங்கினீங்கன்னா ஒரே நாள்ல ரெண்டு காட்டையும் பாத்துடலாம். சாயங்காலம் வரைக்கும் கோயில் பக்கம் இருந்தா முசாசாபின்னு ஒரு பறக்குற அணில், பூனை சைஸ்ல இருக்கும், இருட்டினதுக்கு அப்புறம் சுகி மரப் பொந்துல இருந்து வெளிய வந்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். டார்ச்சை நேரா மூஞ்சில அடிக்காதீங்க, சிவப்பு செலோஃபேன் பேப்பர் சுத்திக்கோங்க.

சில கண்டிஷன்

எதிர்ல வர்றவங்களுக்கு ஒரு "கொன்னிச்சிவா" சொல்லுங்க, மலையில அதுதான் பழக்கம். குறுகலான இடத்துல ஏறி வர்றவங்களுக்கு வழி விடணும். ஸ்பீக்கர்ல பாட்டு வேணாம். பூ, இலை, கல்லு எதையும் எடுக்காதீங்க. ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பெரிய குளவி திரியும், ஒண்ணு பக்கத்துல சுத்துனா கையை வீசாம மெதுவா பின்வாங்குங்க. வழுக்கி விழுந்து அடிபட்டா 119, பாதை ஓரத்துல இருக்கிற போர்டு நம்பரைச் சொன்னா இடம் கண்டுபிடிக்க ஈஸி.

கீழ வந்ததும்

ஸ்டேஷனை ஒட்டியே 2015-ல திறந்த ஒரு வெந்நீர் ஊற்றுக் குளியல் இடம் இருக்கு. ஆண் பெண் தனித்தனி, ட்ரெஸ் இல்லாமத்தான் இறங்கணும், நம்ம ஆளுங்க நிறைய பேர் இதுக்கே தயங்குவாங்க. யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, உக்காந்து உடம்பை சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம் தொட்டியில இறங்குங்க, தலைமுடியும் டவலும் தண்ணியில படக் கூடாது, அவ்வளவுதான் ரூல். பக்கத்துல தகாவோ 599-ன்னு ஒரு மியூசியம், நுழைவு இலவசம், காட்டுல பேர் தெரியாம பாத்த பூவும் பூச்சியும் இங்க பேரோட இருக்கும்.

இதெல்லாம் பழகிட்டா அடுத்தது ஜின்பா மலை வரைக்கும் போற நீள முகடு. தகாவோவுக்குப் பின்னாடி ஷிரோயாமா, கொபோதோகே கணவாய், ககெனோபு, கடைசியா 855 மீட்டர் ஜின்பா, உச்சியில ஒரு வெள்ளைக் குதிரை சிலை. 15 கிலோமீட்டருக்கு மேல, ஆறேழு மணி நேரம் ஆகும். இதை ஜின்பால இருந்து ஆரம்பிச்சு தகாவோவுல முடிக்கிறதுதான் புத்திசாலித்தனம். தகாவோ ஸ்டேஷன் வடக்கு வாசல்ல காலைல ஜின்பா-கோகென்-ஷிதா பஸ்ஸைப் பிடிச்சுட்டீங்கன்னா திரும்பி வர பஸ் டைமைப் பத்தி கவலைப்பட வேண்டியதில்ல, முடியற இடத்துல குளியலும் ட்ரெயினும் ரெடியா இருக்கும். பாதியில கால் விட்டுப் போச்சுன்னா ஷிரோயாமால இருந்து சகாமி ஏரி பக்கம் இறங்குற வழி ஒண்ணு இருக்கு, சுமார் ஒரு மணி நேரத்துல கீழ வந்து அங்க இருந்து சகாமிகோ ஸ்டேஷனுக்கு நடந்து ஜேஆர் பிடிச்சுக்கலாம்.